அபராதச் சீட்டு தீர்ப்பு அல்ல!

தடை செய்த தடத்தில் ஓட்டியதாகச் சலான் வந்தால் எதைக் கட்டுவது, எதை எதிர்ப்பது?

"ஐநூறு ரூபாய்தானேண்ணே, கட்டித் தொலைங்க. கோர்ட்டுக்குப் போனா ரெண்டு நாள் கூலி போயிடும்."

கோபர்கைரனே, துர்பே, வாஷி வட்டாரத்தில் டெம்போவும் லாரியும் ஓட்டிப் பிழைக்கும் தமிழர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் புத்திமதி இது. கணக்குப் பார்த்தால் தப்பில்லை. ஆனால் தப்புச் செய்யாதவரும் இதே புத்திமதியைக் கேட்டுப் பணத்தைக் கட்டிவிடுகிறார் என்பதுதான் சங்கடம்.

அப்படிக் கட்டுகிறவர்களில் பலருக்கு ஒரு விஷயம் தெரிவதில்லை. சலான் என்பது தீர்ப்பு அல்ல. 'இன்ன தேதியில், இன்ன இடத்தில், இன்ன குற்றம் நடந்தது' என்று போலீஸ் தரப்பு வைக்கும் குற்றச்சாட்டு, அவ்வளவுதான். அதை ஒப்புக்கொள்ளவும் உரிமை உண்டு, மறுக்கவும் உரிமை உண்டு.

விசிலுக்குப் பதில் காமிரா

முன்பெல்லாம் முனையில் நிற்கும் போலீஸ்காரர் விசில் அடிப்பார். வண்டியை ஓரம் கட்டி, "பலகையே இல்லையே சாப்" என்று அரைகுறை இந்தியிலாவது சொல்லிப் பார்க்கலாம். மும்பையில் 2017-ல் இ-சலான் முறை வந்தபின் அந்தப் பேச்சுக்கு இடம் குறைந்துவிட்டது. காமிரா படம் எடுக்கிறது. வண்டியின் சொந்தக்காரர் செல்போனுக்குத் தகவல் போகிறது. ஓட்டியவருக்கு விஷயம் தெரிவது பல சமயம் சம்பளத்தன்றுதான்.

அபராதத் தொகையும் ஏறிவிட்டது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் செய்த பெரிய திருத்தம் 2019 செப்டம்பர் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. மகாராஷ்டிரத்தில் உயர்ந்த அபராதம் 2021 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. முன்பு 100 ரூபாயில் முடிந்த சாதாரணக் குற்றத்துக்கு 177-வது பிரிவின்படி இப்போது 500 ரூபாய் வரை அபராதம். மறுமுறை என்றால் 1,500 ரூபாய் வரை போகும். ஓட்டுவிதிகளை மீறுவதற்கென்றே 177-ஏ என்ற புதுப் பிரிவு சேர்க்கப்பட்டது. அதன் அபராதம் 500 ரூபாய்க்குக் குறையாமல் 1,000 ரூபாய் வரை. தடம் மாறி ஓட்டிய குற்றம் இந்தப் பிரிவில்தான் வருகிறது.

இதுவே 'அபாயகரமாக ஓட்டினார்' என்று 184-வது பிரிவில் எழுதப்பட்டால் கதை வேறு. முதல் தடவையே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். சிறைத் தண்டனைக்கும் அதில் இடம் உண்டு. ஆகவே சீட்டு வந்ததும் தொகையைப் பார்ப்பதற்கு முன் பிரிவின் எண்ணைப் பார்க்க வேண்டும்.

தடை செய்த தடம் எது?

லேன் என்று ஓட்டுநர்கள் சொல்லும் தடத்தைப் பற்றிய தடைகள் இந்தப் பக்கத்தில் இரண்டு வகை.

முதலாவது, ஒரே சாலையில் வண்டிக்கு ஏற்றபடி தடம் பிரிப்பது. மும்பை-பூனா விரைவுச் சாலை இதற்கு உதாரணம். களம்போலியில் தொடங்கும் இந்தச் சாலையின் நீளம் 94.5 கிலோமீட்டர், ஒவ்வொரு பக்கமும் மூன்று தடங்கள். கனரக வண்டிகள் இடது ஓரத்தில் போக வேண்டும் என்பது விதி. நாமக்கல், சேலம் லாரிகள் பூனா வழியாக வாஷி மார்க்கெட்டுக்கு வருவதும் இதே சாலையில்தான். 2024 ஜூலையில் இங்கே தானியங்கிக் கண்காணிப்பு முறை வேலை செய்யத் தொடங்கியது. வேகத்தோடு தடம் மாறுவதையும் காமிரா கவனிக்கிறது.

இரண்டாவது, சில வண்டிகள் நுழையவே கூடாத சாலைகள். 2009-ல் திறந்த பாந்திரா-வொர்லி கடற்பாலம், 2024 ஜனவரி 12-ல் திறந்த சிவ்ரி-நவசேவா அடல் சேது, அதே ஆண்டு மார்ச்சில் முதல் பகுதி திறந்த கடற்கரைச் சாலை ஆகியவற்றில் இரண்டு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு இடமில்லை. ஊருக்குப் புதிதாய் வந்து மோட்டார் சைக்கிளில் பார்சல் கொண்டுபோகும் பையன்கள் செல்போன் காட்டும் வழியை நம்பிப் போய் மாட்டிக்கொள்வது இப்படிப்பட்ட இடங்களில்தான். செல்போன் அந்த வழியைக் காட்டியது என்பது கோர்ட்டில் எடுபடும் பதில் அல்ல.

இந்தத் தடைகள் வீணுக்கு வந்தவை அல்ல. விரைவுச் சாலையில் போன உயிர்கள் கொஞ்சமல்ல. முன்னாள் மேல்சபை உறுப்பினர் விநாயக் மேட்டே 2022 ஆகஸ்ட் 14-ந் தேதி கார் விபத்தில் மாண்டதும் இதே சாலையில்தான். வலது தடத்தில் ஊர்ந்து போகும் லாரியின் பின்னால் வேகமாக வரும் கார் மோதினால் என்ன ஆகும் என்பதை ஓட்டுநர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தப்பு நடந்திருந்தால் பணத்தைக் கட்டிவிட்டு, அடுத்த முறை இடது ஓரம் போவதே நல்லது.

ஆனால் குற்றச்சாட்டே தவறாக இருந்தால்?

டெல்லி காட்டிய பாடம்

தடத்தையே எதிர்த்து ஒரு பெரிய வழக்கு டெல்லியில் நடந்தது. 2008-ல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்குப் பஸ்களுக்கென்று தனித் தடம் விட்டார்கள். கார்க்காரர்களுக்குச் சாலை குறுகிப்போயிற்று. தனித் தடம் கூடாது என்று வழக்குப் போட்டார்கள். 2012 அக்டோபரில் டெல்லி ஐகோர்ட்டு அந்த மனுவைத் தள்ளிவிட்டது. தனித் தடம் வைப்பதும் வேண்டாம் என்பதும் அரசின் கொள்கை, கோர்ட்டு அதில் தலையிடாது என்பதே அதன் சாரம். 2016-ல் டெல்லி அரசாங்கமே அந்தத் தடத்தை எடுத்துவிட்டது வேறு விஷயம்.

சலானை எதிர்க்கப் போகிறவருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. 'இந்தத் தடையே அநியாயம்' என்று வாதாடினால் கோர்ட்டு காது கொடுக்காது. 'தடை இருப்பதை எனக்கு யாரும் காட்டவில்லை', 'படத்தில் இருப்பது என் வண்டி அல்ல', 'போலீஸ்காரர் கை காட்டித்தான் போனேன்' என்றால் கேட்டே ஆக வேண்டும். முன்னது கொள்கை; பின்னது சாட்சியம்.

பலகைதான் முதல் சாட்சி

ஒரு சாலையில் சில வகை வண்டிகளுக்குத் தடை விதிக்க 115-வது பிரிவு அதிகாரம் தருகிறது. ஆனால் தடை ஒரு மாதத்துக்கு மேல் நீடிப்பதானால் அரசிதழில் அறிவிக்க வேண்டும். 116-வது பிரிவின்படி பொருத்தமான இடத்தில் பலகையும் வைக்க வேண்டும். கட்டாயப் பலகை எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சட்டம் சொல்கிறது: வட்ட வடிவம், சிவப்பு விளிம்பு அல்லது சிவப்புப் பின்னணி. ஓட்டுநர் கட்டுப்பட வேண்டியது இந்தப் பலகைக்கும், சிக்னல் விளக்குக்கும், சீருடையில் நிற்கும் போலீஸ்காரரின் கைக்கும்தான் என்று 119-வது பிரிவு கூறுகிறது.

காமிரா சலானுக்கு இன்னும் சில நிபந்தனைகள் உண்டு. 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167-ஏ என்ற விதி சேர்க்கப்பட்டது. காமிரா மூலம் சலான் போடக்கூடிய குற்றங்களின் பட்டியலில் தட ஓட்டமும் இருக்கிறது. அதே விதி போலீஸ் தரப்புக்குச் சில கடமைகளை விதித்தது. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கலாம்.

ஒன்று: காமிரா இருக்கும் பகுதிக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை கண்ணில் படும்படி வைத்திருக்க வேண்டும்.

இரண்டு: குற்றம் நடந்ததைக் காட்டும் தெளிவான படம் வேண்டும். நம்பர் பிளேட்டு மட்டும் தெரிந்தால் போதாது; வண்டி எந்தத் தடத்தில் நின்றது என்பதும் தெரிய வேண்டும்.

மூன்று: தேதி, நேரம், இடம், மீறிய பிரிவு ஆகியவை சீட்டில் இருக்க வேண்டும்.

நான்கு: காமிராவுக்கு அங்கீகாரச் சான்று இருக்க வேண்டும். மின்னணு சாட்சியத்துக்கு உரிய சான்றிதழும் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இந்தச் சான்றிதழ் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவில் வருகிறது.

ஐந்து: குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று 2021-ம் ஆண்டு விதி கூறியது.

இவற்றில் ஒன்று குறைந்தாலே சலான் செல்லாமல் போய்விடும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆனால் இந்தக் குறைகளை எடுத்துச் சொன்னால்தான் அதிகாரியோ மாஜிஸ்திரேட்டோ அவற்றைக் கவனிப்பார். சொல்லாத குறையை யாரும் தேடிப் பிடிக்க மாட்டார்கள்.

2025 ஜூலை வேலைநிறுத்தம்

இந்தக் குறைகள் தனி ஆளின் புலம்பலாக மட்டும் நிற்கவில்லை. 2025 ஜூலைத் தொடக்கத்தில் மகாராஷ்டிர லாரி, பஸ், டெம்போ உரிமையாளர் சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. இ-சலான் அபராதங்களைத் தள்ளுபடி செய்ய வேண்டும், கட்டாய வசூலை நிறுத்த வேண்டும் என்பவை அவற்றின் முக்கியமான கோரிக்கைகள்.

அதே ஜூலையில் மாநிலப் போக்குவரத்துப் போலீஸ் தலைமை ஓர் உத்தரவு போட்டது. போலீசார் தங்கள் சொந்தச் செல்போனில் படம் பிடித்துச் சலான் போடக் கூடாது என்பது அந்த உத்தரவு. சலானில் உள்ள படம் எந்தக் கருவியில், எப்போது எடுத்தது என்று கேட்பது வம்புப் பேச்சு அல்ல, நியாயமான கேள்விதான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எதிர்ப்பது எப்படி?

முதல் வேலை, சீட்டு வந்த அன்றே அந்த இடத்துக்குப் போய்ப் படம் எடுப்பது. பலகை மரத்தின் பின்னால் மறைந்திருக்கலாம். பாலத்தின் மேல் ஏறிய பிறகுதான் கண்ணில் படலாம். தடத்தின் கோடு அழிந்திருக்கலாம். ஒரு வாரம் கழித்துப் போனால் பலகை துடைத்துப் பளிச்சென்று நிற்கும். வண்டி எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தத் திசையிலிருந்து, ஓட்டுநரின் கண் உயரத்தில் எடுத்த படமே பயன்படும்.

இரண்டாவது, அன்றைய சரக்குச் சீட்டு, சுங்கச் சாவடி ரசீது, பெட்ரோல் பங்க் பில் ஆகியவற்றை எடுத்து வைப்பது. வண்டி அந்த நேரத்தில் வேறு இடத்தில் இருந்தது என்பதற்கு இவைதான் ஆதாரம். ஒரே எண்ணைப் போலியாக மாட்டிக்கொண்டு வேறு வண்டி ஓடினால் இது இன்னும் முக்கியம்; அப்போது போலீஸ் ஸ்டேஷனில் புகாரும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, போக்குவரத்துப் போலீசாரின் இ-சலான் தளத்திலோ செயலியிலோ ஆட்சேபத்தைப் பதிவு செய்வது. சலான் எண், தேதி, என்ன தவறு, என்ன ஆதாரம் என்று நாலே வரியில் எழுதினால் போதும். கோபமும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். பதிவு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். சீட்டில் கண்ட கெடுவைத் தாண்ட விடலாகாது.

அங்கே தீராவிட்டால் கோர்ட்டு. வழக்கு நடப்பது குற்றம் நடந்ததாகச் சொல்லும் இடத்துக்கு உரிய கோர்ட்டில். நவி மும்பைக்குப் பேலாப்பூரில் கோர்ட்டு வளாகம் உண்டு. கோபர்கைரனேயிலிருந்து பன்வேல் செல்லும் வண்டியில் ஏறினால் நேரே இறங்கலாம். மும்பை எல்லைக்குள் நடந்தது என்றால் மும்பைக்கும், காட் பகுதியில் நடந்தது என்றால் அந்தத் தாலுகாவுக்கும் போக வேண்டியிருக்கும். வர்ச்சுவல் கோர்ட்டு என்ற இணையவழி கோர்ட்டுக்கு வழக்குப் போயிருந்தால், அங்கே பணத்தைக் கட்டலாம், அல்லது மறுப்பதாகத் தெரிவிக்கலாம். மறுத்தால் வழக்கு வழக்கமான கோர்ட்டுக்கு மாறும்.

மராட்டி தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். சாட்சியம் எதிரிக்குப் புரியாத மொழியில் இருந்தால் அவருக்குப் புரியும் மொழியில் சொல்லப்பட வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறையில் வெகுகாலமாக இருக்கும் விதி. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி மையம் உண்டு. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர், வருமானம் குறைந்தோர் ஆகியோர் இலவச உதவிக்கு உரியவர்கள். தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் தொலைபேசி எண் 15100.

பழைய சலான் திடீரென்று தலைகாட்டினால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்தை ஆறு மாதத்துக்குள் கோர்ட்டு விசாரணைக்கு எடுக்க வேண்டும் என்று சட்டம் கால வரம்பு வைத்திருக்கிறது. தேதியை எண்ணிப் பார்த்து வக்கீலிடம் காட்டுவது பயன் தரும்.

லோக் அதாலத்துக்குப் போகலாமா?

நிலுவைச் சலான்களுக்காக லோக் அதாலத்துக்கு வரச்சொல்லி அறிவிப்பு வருவதுண்டு. கட்டணம் இல்லை, ஒரே நாளில் முடியும் என்பதால் பலருக்கு இது வசதி. ஆனால் லோக் அதாலத் என்பது சமரசம் செய்யும் இடம். யார் சொல்வது உண்மை என்று சாட்சி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் இடமல்ல. அங்கே சமரசமாகி உத்தரவு போட்டுவிட்டால் அதன்மேல் அப்பீல் கிடையாது.

தப்பு நடந்தது உண்மை, தொகைதான் பாரம் என்கிறவர் அங்கே போகலாம். நான் தப்பே செய்யவில்லை என்கிறவர், சமரசத்துக்குச் சம்மதமில்லை என்று சொல்லிவிட்டு மாஜிஸ்திரேட்டு முன் நிற்பதே சரி.

சம்பளத்தில் பிடிக்கலாமா?

நம்மவர்களில் பெரும்பாலோர் சொந்த வண்டி ஓட்டுகிறவர்கள் அல்லர். சலான் வருவது முதலாளி பெயருக்கு. முதலாளி பேசாமல் கட்டிவிட்டு டிரைவர் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார். ஓட்டியவர் படத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

ஓட்டியது யார் என்று போலீஸ் கேட்டால் சொல்ல வேண்டிய கடமை வண்டிச் சொந்தக்காரருக்கு 133-வது பிரிவின்படி உண்டு. சம்பளம் பிடிப்பதற்கும் வரம்பு உண்டு. அபராதமானாலும் நஷ்ட ஈடானாலும் தொழிலாளியிடம் விளக்கம் கேட்காமல் பிடிக்கக் கூடாது என்று 1936-ம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டமே சொன்னது. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்த விதி இருக்கிறது.

ஆகவே டிரைவர் முதலில் கேட்க வேண்டியது பணத்தைப் பற்றி அல்ல. "சேட், சலான் படத்தை ஒரு தடவை காட்டுங்க" என்று கேட்டால் போதும். வேலை போய்விடுமோ என்ற பயம் நியாயமானதே. அதனால்தான் சண்டையாகக் கேட்காமல், சலான் வந்த உடனே தனக்குத் தகவல் சொல்லும்படி முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் ஓட்டியவருக்கே எந்தச் சவாரி என்று நினைவிருக்காது.

போலிச் சலான் ஜாக்கிரதை

சலான் பயத்தை வைத்துப் பிழைக்கும் கூட்டமும் உண்டு. 'உங்கள் வண்டிக்கு அபராதம். இந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள்' என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். திறந்தால் வங்கிக் கணக்கு காலி! உண்மையான சலானைப் பார்க்க எந்தக் கோப்பையும் செல்போனில் இறக்க வேண்டியதில்லை. 'கவ் டாட் இன்' என்று முடியும் அரசாங்கத் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் தெரிந்துவிடும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

லண்டனில் எப்படி?

லண்டன் நகரில் பஸ் தடத்தில் நுழைந்த காருக்குக் காமிரா மூலம் அபராதம் போடுகிறார்கள். அதை எதிர்க்கத் தனியாக ஒரு தீர்ப்பாயம் இருக்கிறது. கட்டணம் கிடையாது; தபாலிலோ இணையத்திலோ முறையிடலாம். பலகை சரியாக இல்லை என்று தெரிந்தால் அபராதம் ரத்தாகும். எதிர்ப்பதற்காக ஒரு நாள் வேலையை விட வேண்டியதில்லை என்பதுதான் அங்கே முக்கியம். கூலிக்காரருக்கு அபராதத் தொகையைவிட அலைச்சல்தான் பெரிய தண்டனை என்பதை நம் அதிகாரிகளும் மனதில் கொள்ள வேண்டும்.

எதிர்ப்பதா, கட்டுவதா என்று முடிவு செய்ய ஒரே கேள்வி போதும்: நடந்தது உண்மையா? உண்மையானால் கட்டி ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். உண்மையில்லை, ஆதாரமும் இருக்கிறது என்றால் குறைந்தது ஆட்சேபமாவது எழுதிப் போட வேண்டும். அதற்குக் காசும் இல்லை, கூலியும் போகாது. மோசமான வழி, இரண்டும் செய்யாமல் சும்மா இருப்பது. நிலுவை ஏறும், கெடு போகும், கடைசியில் எதிர்க்கவும் ஆதாரம் இராது.

மறைந்து நிற்கும் ஒரு பலகையால் நூறு வண்டிக்குச் சலான் விழுந்து, நூறு பேரும் வாய் திறக்காமல் கட்டினால், பலகை மறைந்தே இருக்கும். நூற்றியோராவது வண்டிக்கும் சலான் வரும். அவர்களில் ஒருவர் படத்தோடு ஆட்சேபம் எழுதினால், பலகையை ஒழுங்கு செய்ய அதிகாரிக்கு ஒரு காரணம் கிடைக்கும். பின்னால் வருகிற வண்டியில் இருப்பதும் நம் ஊர்ப் பையனாக இருக்கலாம்.